பட்டுவாடா செய்பவர்களுக்கு வரவேண்டிய பாக்கி

திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைகளான காக்களூர் சிட்கோவையும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டையும் பற்றி எழுதும்போது ஆலைக்குள் நடப்பதைத்தான் எழுதுகிறோம். ஷிப்டு, ஒப்பந்தக் கூலி, விபத்து, சங்கம் வைக்க விடாத நிர்வாகம் என்று பேச நிறைய இருக்கிறது, பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆலைகளின் வாசலுக்கும், ஆலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருக்களுக்கும் நாள்தோறும் வந்துபோகிற மூன்று பேர் இந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஆதார் அட்டையும் ஏ.டி.எம். கார்டும் கோர்ட்டு நோட்டீசும் கொண்டுவரும் தபால்காரர் ஒருவர். ஆன்லைனில் வாங்கிய செருப்பையும் செல்போனையும் கொண்டுவரும் கூரியர்காரர் ஒருவர். ராத்திரி ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தவருக்குச் சாப்பாடு கொண்டுவரும் டெலிவரி இளைஞர் ஒருவர்.

மூவருக்கும் முதலாளி வேறு, சட்டம் வேறு, சம்பளம் வேறு. என்றாலும், எதில் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தீர்கள், உடம்பு ஓய்ந்த பிறகு என்ன கிடைக்கும், சங்கம் இதுவரை என்ன செய்தது என்று கேட்டுப் பாருங்கள். மூவரின் மனக்குறையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களின் முதுமை, வேலைக்குச் சேர்ந்த அன்றே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அதை மாற்றும் பலம் சங்கத்துக்குத்தான் உண்டு. ஆனால் சங்கங்கள் இன்று அமைந்திருக்கும் விதத்தில், தெருவில் இறங்கிப் பட்டுவாடா செய்பவரின் ஓட்டுக்கு அங்கே பெரிய மதிப்பு இல்லை.

தபால்காரரிலிருந்து தொடங்குவோம். காக்கிச் சட்டையும் சைக்கிளுமாக நம் மனதில் பதிந்திருக்கும் தபால்காரர் அரசு ஊழியர். இன்று கிராமங்களில் பை தூக்கி வருபவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் ஜி.டி.எஸ்.; கிராமின் டாக் சேவக். பழைய ஆட்கள் இன்னமும் ‘இ.டி.’, அதாவது துறைக்குப் புறம்பான ஊழியர், என்றே சொல்வார்கள். கிராமத்தில் முழுநேர அஞ்சலகம் வைத்தால் கட்டுப்படியாகாது என்று வெள்ளைக்காரர் ஆட்சியில் பள்ளிக்கூட வாத்தியாரையும் மளிகைக் கடைக்காரரையும் பகுதி நேரத்துக்குப் பிடித்துப்போட்டு நடத்திய ஏற்பாடு அது. 2001-இல் பெயர் மாறியது, ஏற்பாடு மாறவில்லை. நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்த ஏற்பாட்டின் கீழ்தான் வேலை பார்க்கிறார்கள். இந்தியாவின் அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமையைத் தாங்கி நிற்பவர்கள் இவர்கள்தான்.

இவர்களுக்கான பணி விதிகளை ஒருமுறை படித்துப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும். 65 வயதுக்கு மேல் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது. இவர்கள் ஒன்றிய அரசின் குடிமைப் பணிக்கு வெளியே இருப்பவர்கள். ஒன்றிய அரசு ஊழியர்களுக்குச் சமம் என்று உரிமை கோர முடியாது. இவற்றில் என்னை மிகவும் உறுத்துவது அந்த ‘வேறு வருமானம்’ என்ற நிபந்தனைதான். சோறு போட வேறு தொழில் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டால், சம்பளத்தையும் குறைக்கலாம், ஓய்வூதியத்தையும் மறுக்கலாம். இரண்டுக்கும் அதுவே நியாயமாகிவிடுகிறது.

ஆனால் வேறு தொழில் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது? காலையில் பை வந்ததும் பிரிக்க வேண்டும், கையிலுள்ள கருவியில் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும், பட்டுவாடாவுக்குப் போக வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் மறுநாளும் போக வேண்டும். இதற்கு மேல் சேமிப்புக் கணக்கு, கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு, 2018-இல் தொடங்கிய அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியின் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் டார்கெட். மேளா வைத்தால் ஆள் பிடித்து வர வேண்டும். கிளை அஞ்சலக அதிகாரியாக இருப்பவர் அலுவலகம் நடத்த இடத்தையும் தாமே ஏற்பாடு செய்ய வேண்டும். பலருக்கு வீட்டுத் திண்ணையோ முன்னறையோதான் அஞ்சலகம். விடுப்பு வேண்டுமானால் பதிலாளைத் தாமே தேடிப்பிடித்து நிறுத்திவிட்டுப் போக வேண்டும். காகிதத்தில் நாலு மணி நேரம். கையில் முழு நாள்.

நீதிமன்றம் இவர்களைக் கைவிட்டதா என்றால், ஒரேயடியாக அப்படியும் சொல்ல முடியாது. 1977-இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் வகிப்பது குடிமைப் பதவிதான் என்றது. அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவின் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு, விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது பெரிய வெற்றிதான். ஆனால் வேலையைப் பறிக்க முடியாது என்ற அளவில் நின்ற வெற்றி. ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அது நீளவில்லை. ஓய்வு பெற்ற நீதிபதி தல்வார் தலைமையிலான குழு 1990-களில் இவர்களுக்குச் சாதகமாகப் பல பரிந்துரைகளைச் செய்தது. அதற்குப் பின் நடராஜமூர்த்தி குழு, அதற்குப் பின் கமலேஷ் சந்திரா குழு. ஏழாவது ஊதியக் குழுவோ இவர்களை முறையான அரசு ஊழியரோடு சமமாக வைக்க மறுத்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றிய அரசு ஊழியர்களுக்கு ஒரு ஊதியக் குழு, இவர்களுக்குத் தனியே ஒரு துறைக் குழு என்பதே வழக்கம்.

இன்னொரு வலி உண்டு. ஜி.டி.எஸ்.ஸாக இருபது, இருபத்தைந்து வருடம் வேலை பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியோ மூப்பு அடிப்படையிலோ தபால்காரராகவும் எம்.டி.எஸ். எனப்படும் பல்பணி ஊழியராகவும் ஆனவர்கள் பலர். நிரந்தர வேலைக்கு வரும்போதே வயது ஏறியிருக்கும். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து ஆண்டு நிரந்தரப் பணி சிலருக்கு நிறையாது; ஒன்பது வருடத்தில் நின்றுவிடும். பழைய ஜி.டி.எஸ். பணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்ப்பாயங்களிலும் உயர் நீதிமன்றங்களிலும் வழக்குப் போட்டார்கள்; சில இடங்களில் வென்றும் இருந்தார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பணியை அப்படிச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதே தெரு, அதே பை, அதே பட்டுவாடா. கணக்கில் மட்டும் முந்தைய இருபது வருடம் இல்லை.

ஓய்வூதியத்துக்குப் பதிலாக என்ன கொடுத்தார்கள்? 2011 ஜனவரி முதல் ‘பணி விடுவிப்புப் பயன்’ என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. துறை மாதம் 200 ரூபாயை ஊழியரின் பேரில் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் எளிய வடிவத்தில் போடும். அந்தத் தொகையைப் பின்னர் கூட்டினார்கள் என்றாலும், தொடக்கக் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 2,400 ரூபாய். இருபது வருடம் வேலை பார்த்தால் துறை போட்ட அசல் 48,000 ரூபாய். வட்டி சேர்த்து இரட்டிப்பானாலும், அதிலிருந்து மாதாமாதம் என்ன பென்ஷன் வரும் என்று வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதே அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருக்கும் நிரந்தர ஊழியருக்கு, 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து 25 வருடப் பணியும் இருந்தால், கடைசி ஓராண்டு அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. அதுவும் போதாது, பழைய ஓய்வூதியமே வேண்டும் என்று அவருடைய சங்கம் போராடுகிறது. அந்தப் போராட்டம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோரிக்கைப் பதாகையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கும் ஜி.டி.எஸ். தோழருக்கு, அதில் தமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றாமல் இருக்குமா?

இங்கேதான் சங்கத் தலைமை மீதான கோபம் தொடங்குகிறது. அஞ்சல் துறையில் எழுத்தர்களுக்கு ‘பி-3’, தபால்காரர்களுக்கும் எம்.டி.எஸ். ஊழியர்களுக்கும் ‘பி-4’, ஜி.டி.எஸ்.களுக்குத் தனிச் சங்கம் என்ற பிரிவு உண்டு. அதற்கு மேல் என்.எஃப்.பி.இ., எஃப்.என்.பி.ஓ. போன்ற சம்மேளனங்கள். ஜி.டி.எஸ்.களிடையேயும் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள். ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுகிறார்கள், டெல்லியில் பேசப்போகும்போது எங்கள் கோரிக்கை பட்டியலில் கடைசிக்குப் போய்விடுகிறது என்ற பேச்சைத் திருவள்ளூர் பக்கம் மட்டுமல்ல, எங்கே போனாலும் கேட்கலாம்.

இந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்பது நேர்மையாகாது. 2000 டிசம்பரில் நாடு முழுக்க இரண்டு வாரம் அஞ்சல் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் நிரந்தர ஊழியர்களும் வெளியே வந்தார்கள். முன்னே நின்ற கோரிக்கை இ.டி. ஊழியர்களைத் துறை ஊழியராக்கி ஓய்வூதியம் கொடுக்க வேண்டும் என்பதுதான். தங்களுக்கு நேரடி லாபம் இல்லாத கோரிக்கைக்காகச் சம்பளத்தை இழந்தவர்கள் அவர்கள். அந்த வேலைநிறுத்தம் கோரிக்கையை வெல்லாமலே முடிந்தது. என் பார்வையில் அஞ்சல் தொழிற்சங்கத்தின் திருப்பமே அதுதான். அதன்பின் ‘துறை ஊழியராக்கு’ என்ற முழக்கம் மாநாட்டுத் தீர்மானங்களில் மட்டும் தங்கிவிட்டது. பேச்சுவார்த்தை மேசைக்கு அலவன்சும் போனசும் பணிக்கொடை உச்சவரம்பும் போயின.

2018 மே 22 அன்று ஜி.டி.எஸ். சங்கங்கள் தாங்களே முன்னின்று காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கின. 2016 நவம்பரில் கொடுக்கப்பட்ட கமலேஷ் சந்திரா அறிக்கை ஒன்றரை வருடமாகக் கிடப்பில் கிடந்தது. கிராமங்களில் பதினாறு நாள் தபால் நின்றது. ஜூன் 6 அன்று ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. நாலு மணி நேர வேலைக்குக் குறைந்தபட்சம் 10,000 ரூபாய், கிளை அதிகாரிக்கு 12,000. ஐந்து மணி நேரத்துக்கு 12,000, 14,500. அகவிலைப்படி தனி. பணிக்கொடை உச்சவரம்பு 60,000-லிருந்து 1,50,000 ஆனது. இது உண்மையான பலன், அதைக் குறைத்துப் பேசக் கூடாது. பதினாறு நாள் சம்பளத்தை விட்டவர்கள் வாங்கியது. ஆனால் குடிமைப் பணிக்கு வெளியே இருப்பவர் என்ற விதி அப்படியே நின்றது. ஓய்வூதியம் வரவில்லை. பணி மூப்புக்கு ஏற்ற உயர்வும் அன்றைக்கு வரவில்லை.

அதற்காக 2023 டிசம்பர் 12 அன்று மறுபடியும் வேலைநிறுத்தம். எட்டு மணி நேர வேலை, ஓய்வூதியம், பணிக்கொடை 5 லட்சம், மருத்துவ வசதி என்று கோரிக்கைகள். சில நாள்களிலேயே போராட்டம் நின்றது. 2024 மார்ச்சில் நிதி உயர்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது: 12 வருடப் பணிக்கு ஆண்டுக்கு 4,320 ரூபாய், 24 வருடத்துக்கு 5,520, 36 வருடத்துக்கு 7,200. மாதக் கணக்கில் போட்டால் 360, 460, 600. பன்னிரண்டு வருட உழைப்புக்கு ஒரு நாளைக்கு 12 ரூபாய். ஏன் நிறுத்தினீர்கள், யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று கேட்பவர்களைச் சங்க விரோதிகள் என்று ஒதுக்க முடியாது. வேலைநிறுத்தத்துக்குப் போவதற்கு முன் ஊர் ஊராகக் கூட்டம் போடுகிற சங்கம், அதைத் திரும்பப் பெறும்போது மட்டும் ஒரு சுற்றறிக்கையோடு முடித்துக்கொள்வது பெரிய பிழை.

தலைமையின் தரப்பையும் பார்க்க வேண்டும். அஞ்சல் சங்கங்களின் அங்கீகாரம் 1993-ஆம் ஆண்டு விதிகளின்படி துறையே தருவது. சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக்கொடுப்பதும் துறை, உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும் துறை. 2023 ஏப்ரலில் என்.எஃப்.பி.இ.யின் அங்கீகாரத்தையும் அதன் எழுத்தர் சங்கத்தின் அங்கீகாரத்தையும் துறை ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கு 30,000 ரூபாய் கொடுத்தது உள்ளிட்ட செலவுகள் விதிமீறல் என்பது சொல்லப்பட்ட காரணம். நூறாண்டுப் பாரம்பரியம் பேசும் இயக்கத்தை இத்தனை சின்னத் தொகையைக் காட்டி வெளியே நிறுத்த முடிகிறது என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் தயவில்தான் நாற்காலியே இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தலைவர் ஒரு கடிதம் கிடைத்தாலே போதும் என்று வெளியே வருவது வியப்பில்லை. ஆனால் இதே காரணத்தால்தான் அவர் உறுப்பினர்களை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலிடத்தில் பிடி இல்லாதவருக்குக் கீழேயாவது பிடி வேண்டும்.

இந்த விஷயத்தில் அமெரிக்காவின் யு.பி.எஸ். பார்சல் தொழிலாளர்களின் கதை நமக்குப் பாடம். அவர்களின் சங்கமான டீம்ஸ்டர்ஸ் 1997-இல் பதினைந்து நாள் வேலைநிறுத்தம் செய்து, பகுதி நேர வேலைகளில் 10,000 இடங்களை முழுநேரமாக்கியது. ஓய்வூதிய நிதியிலிருந்து கழன்றுகொள்ளக் கம்பெனி செய்த முயற்சியையும் அப்போதைக்குத் தடுத்தது. அதே சங்கம் 2018-இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. ஒரே வேலை செய்யும் ஓட்டுநர்களில் புதியவர்களுக்குக் குறைந்த கூலி என்ற இரண்டடுக்கு ஏற்பாடு அதில் இருந்தது. வாக்களித்தவர்களில் 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் பாதிப் பேருக்குக் குறைவானோரே வாக்களித்தால், நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சங்க விதியில் ஒரு ஓட்டை. தலைமை அதைப் பிடித்துக்கொண்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. உறுப்பினர்கள் சங்கத்தை விட்டு ஓடவில்லை. 2021 மாநாட்டில் அந்த விதியை நீக்கினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் பழைய அணியைத் தோற்கடித்து ஷான் ஓ’பிரையனைத் தலைவராக்கினார்கள். 2023 ஒப்பந்தத்தில் இரண்டடுக்கு ஓட்டுநர் முறை ஒழிந்தது. 86 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். அவர்களுக்கு இருந்ததும் நமக்கு இல்லாததும் ஒன்றே: உடன்பாட்டின் மீது ஆளுக்கொரு ஓட்டு.

கூரியர்காரரின் கதை வேறு மாதிரி. அவருக்குக் காகிதத்தில் எல்லாம் உண்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு என்றால் ஊழியர் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. பத்து வருடம் சேர்ந்தால் 58 வயதில் பென்ஷன். கணக்கு எளிது: சம்பளத்தைப் பணியாண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு, கணக்கில் இருபது பணியாண்டு இருந்தால் மாதம் சுமார் 4,285 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். சிக்கல் அந்தப் பத்து வருடத்தில் இருக்கிறது. கம்பெனி ஒன்று, அதற்குக் கீழே ஒப்பந்ததாரர், அவருக்குக் கீழே பகுதி வாரியாக வண்டி வைத்திருப்பவர். இரண்டு வருடத்தில் ஒப்பந்தம் கைமாறும். புதியவர் பி.எஃப். பிடிக்காமல் பார்சலுக்கு இவ்வளவு என்று பேசிவிடுவார். இடையில் கல்யாணம், மருத்துவச் செலவு, வண்டி ரிப்பேர். பழைய பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். எடுத்த வருடங்கள் பென்ஷன் கணக்கிலிருந்து போய்விடும் என்று சொல்ல யாரும் இல்லை. சங்கம் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள வேலை இது: காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து ஒவ்வொருவரின் பணி வருடத்தையும் சேர்த்துக் காட்டுவது.

செயலி வழி உணவு கொண்டுவரும் இளைஞரிடம் ஒப்பந்தம் என்றால், செல்போனில் ‘ஏற்கிறேன்’ என்று தொட்டதுதான். அவரைத் தொழிலாளி என்று கம்பெனி சொல்லாது, ‘பார்ட்னர்’. ரேட் கார்டு நேற்று ஒன்று, இன்று ஒன்று. 2020-இலும் 2022 செப்டம்பரிலும் சென்னையில் ஸ்விகி டெலிவரி ஊழியர்கள் கூலிக் குறைப்பையும் புதிய ஸ்லாட் முறையையும் எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். வாட்ஸ்அப் குழுவில் பிறந்த போராட்டங்களுக்கு மத்திய சங்கங்கள் பின்னால் வந்து கொடி கொடுத்தன. முன்னால் நின்றவரின் ஐ.டி.யை முடக்கினால் சங்கத்தால் அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவர முடியுமா? இதற்குப் பதில் சொல்லாத சங்கத்துக்குச் சந்தா கொடுக்க எவரும் முன்வரமாட்டார். நான் கொடுக்கச் சொல்லவும் மாட்டேன்.

தமிழ்நாடு அரசு 2023 சுதந்திர தின உரையில் அறிவித்து, அதே ஆண்டு இறுதியில் இப்படிச் செயலி வழி வேலை பார்க்கும் ‘கிக்’ தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம் அது. மின்ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025-26 பட்ஜெட்டில் சொன்னார்கள். நல்லதுதான். ஆனால் ராஜஸ்தானும் கர்நாடகமும் தனிச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் கம்பெனியிடம் கட்டணம் வாங்க வழி செய்திருக்கின்றன. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். முதுமைக்குப் பணம் கம்பெனியின் வரவிலிருந்து வர வேண்டும். அரசின் மானிய அறிவிப்பிலிருந்து வந்தால் அது ஆட்சிக்கு ஆட்சி மாறும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இந்தக் கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தொழிலாளருக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று வரம்பும் உண்டு. தொழிலுறவுத் தொகுப்போ 51 சதவீத உறுப்பினர் உள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கச் சொல்கிறது. கவனிக்க வேண்டியது, முதல் தொகுப்பில் வரும் டெலிவரி ஊழியர் இரண்டாவதில் வருவதில்லை. உதவி பெறலாம், பேரம் பேச முடியாது. பக்கத்திலேயே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் சங்கத்தைப் பதிவு செய்யவே ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார வேண்டியிருந்தது. நிரந்தர ஆலைத் தொழிலாளிக்கே அந்த நிலை என்றால், செயலிக்குப் பின்னால் இருக்கும் முதலாளியோடு பேச இவர்களுக்கு எத்தனை காலம் பிடிக்கும்?

எட்டாவது ஊதியக் குழு இப்போது வேலை பார்க்கிறது. அதன் வரம்புக்குள் ஜி.டி.எஸ்.களையும் சேர்க்க வேண்டும் என்று ஊழியர் தரப்பு கேட்டது, சேர்க்கவில்லை. வழக்கம்போல அவர்களுக்குத் தனிக் குழு ஒன்று போட்டால், அது 2016-ஐப் போல இன்னொரு அறிக்கை கொடுக்கும்; அது கிடப்பில் கிடக்கும்; இன்னொரு வேலைநிறுத்தம் வரும். அதற்கு முன் சங்கங்கள் செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. மனுவின் முதல் வரியாக, வேலை பார்த்த மணி நேரத்துக்கு ஏற்ற விகிதத்தில் ஓய்வூதியமும், நிரந்தரப் பணிக்கு வந்தவர்களுக்குப் பழைய பணியைச் சேர்த்துக் கணக்கிடுவதும் இருக்க வேண்டும். போனசும் அலவன்சும் அதற்குப் பிறகு வரட்டும். பேச்சுவார்த்தைக் குழுவில் பாதிப் பேராவது இன்றைக்கும் பை தூக்குபவர்களாக இருக்க வேண்டும். எந்த உடன்பாடானாலும் அதன் முழு வாசகத்தைத் தமிழில் அச்சிட்டு, திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று ஒவ்வொரு உட்கோட்டத்திலும் படித்துக் காட்டி, ரகசிய வாக்கெடுப்பு நடத்திய பிறகே வேலைநிறுத்தத்தைத் திரும்பப் பெற வேண்டும். இதைச் சங்க விதியிலேயே எழுதி வைக்க அடுத்த கோட்ட மாநாடு போதும். டெல்லியின் அனுமதி எதற்கும் தேவையில்லை.